நடந்திருக்க வேண்டியது

ஜூன் மாதத்தில் ஆர்லோ பிரிட்செட் பன்னிரண்டு ஆட்டங்களில் இருபத்தொரு ஹிட் அடித்தான். அதற்காக அவனை விசாரணைக்கு அழைத்தார்கள்.

சாட்சியாக என்னையும் அழைத்தார்கள். நான் அவன் ஆடிய பேஸ்பால் அணியின் மாற்று கேட்சர், அதாவது எதிரணி மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிறவன். வாரத்துக்கு ஒரு முறை ஆடுவேன். மற்ற நாட்களில் வீரர்கள் காத்திருக்கும் டக்அவுட்டின் ஓரத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பேன். ஆடாதவனுக்கு எண் கிடையாது. அதனால் பயமும் கொஞ்சம் குறைவு.

மேரோ ஸ்பிரிங்ஸ் அணி, பெரிய அணிக்கு ஆள் தயார் செய்யும் அணி. இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் அங்கே போவதற்காகத்தான் இங்கே இருக்கிறார்கள். ஆர்லோவுக்கு முப்பத்தொரு வயது. பதினோரு வருடமாக இங்கே இருந்தான். அங்கே ஒரு நாள்கூடப் போனதில்லை. ஒரு நாள் போதும் என்பான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு முறை மட்டை பிடித்தால் போதும், பிறகு ஊருக்குப் போய்ச் சோளம் விதைப்பேன் என்பான்.

மதிப்பீட்டுத் துறை, முன்பு நடுவர்கள் உடை மாற்றிய அறையில் இருந்தது. நடுவர்களைக் கொதிகலன் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அறையில் மைதானத்தைப் பார்த்த ஒரு ஜன்னல் உண்டு. அதைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஆட்டத்தைப் பார்த்தால் கவனம் சிதறும் என்று காரணம் சொன்னார்கள்.

துறைத் தலைவர் டாக்டர் குவின்டன் ஆஷ்பி மென்மையாகப் பேசுவார். பெரிய அணி அவரை மார்ச் மாதம் அனுப்பியிருந்தது.

"உங்க சராசரி முன்னூத்தி நாப்பத்தொண்ணு," என்றார். "ஆயிரம் தடவை மட்டை பிடிச்சா முன்னூத்தி நாப்பத்தொரு ஹிட். எப்படி நடந்தது?"

"அடிச்சேன் சார்."

"அது நடந்தது. நான் கேக்கறது நடந்திருக்க வேண்டியதை."

திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இரண்டு பத்திகள் இருந்தன. விளக்குக் கம்பத்தில் ஒரு ராடார் இருக்கிறது. மட்டையை விட்டுக் கிளம்பும் பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அது அளக்கும். அதே வேகத்தில், அதே கோணத்தில், இந்த நாட்டில் இதுவரை போன பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்று பார்க்கும். அதுதான் ஒரு மனிதனின் சரியான எண்.

"உங்களோடது இருநூத்தி நாலு," என்றார் ஆஷ்பி.

"அப்ப மீதி நூத்தி முப்பத்தேழு யாரோடது சார்?"

"யாரோடதும் இல்லை. அதிர்ஷ்டம். அது தானா சரியாயிடும். எல்லாரும் அவங்கவங்க எண்ணுக்குத் திரும்பித்தான் ஆகணும், ஆர்லோ. நான் யாரையும் திரும்பாம பார்த்ததில்லை."

இதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க இவரோட டக்அவுட்ல இருக்கீங்க. இவர் அடிக்கறதைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கீங்க. என்ன தெரியுது?"

"ஆள் இல்லாத இடமாப் பார்த்துப் போடறான் சார்."

அது உண்மை. ஆர்லோ பலசாலி இல்லை. மட்டையின் பிடியில் கையை மேலே ஏற்றிக்கொள்வான். பந்தைத் தட்டுவான். அது உள்வட்டத்தில் நிற்பவர்களின் தலைக்கு மேலே போய், வெளியே நிற்பவர்கள் ஓடி வருவதற்குள் புல்லில் விழும். அதற்கு எங்கள் ஆட்டத்தில் சாகும் காடை என்று பெயர். சுடப்பட்ட காடை அப்படித்தான் நடுவானில் தளர்ந்து விழும். அழகான அடி இல்லை. ஆனால் யாரும் பிடிக்காமல் விழுந்தால் முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்துவிடலாம்; அது ஹிட்.

"பார்த்து," என்றார் ஆஷ்பி. அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து பார்த்தார். "பார்க்கறதுக்கு இங்க கட்டம் இல்லையே."

ஆர்லோவிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஜூன் மாதத்து இருபத்தொரு ஹிட்டுகளில் பதினாறுக்கு அவன் தனித்தனியாக விளக்கம் எழுத வேண்டும். பந்து அந்த இடத்தில் ஏன் விழுந்தது? பதினாறிலும் அவன் ஒரே பதிலை எழுதினான். அங்கே யாரும் இல்லை. படிவம் மறுநாள் திரும்பி வந்தது. விடை முழுமையாக இல்லை என்று சிவப்பு முத்திரை.

அந்த வாரம் தலைமைக் கோச் மெர்ல் ஓஸ்டர்மன் அவனைப் பயிற்சி வலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மெர்ல் இருபத்தாறு வருடம் இந்த அணியில் இருந்தவர். கெட்ட வார்த்தை இல்லாமல் வணக்கம் சொல்ல மாட்டார். அன்று மெதுவாகப் பேசினார்.

"டேய், கொஞ்ச நாளைக்கு அவனுங்க சொல்ற மாதிரி அடி."

"எனக்கு அது வராது கோச்."

"வராட்டி பரவாயில்லை. கண்ணை மூடிட்டுச் சுத்து. அவுட்டாகு. ஆனா பலமா அவுட்டாகு."

"நீங்களா கோச் இதைச் சொல்றீங்க?"

மெர்ல் விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லலை," என்றார்.

ஆனால் அன்று மாலை கூட்டத்தில் வேறு ஏதோ சொல்லியிருக்கிறார். அந்தப் பையனுக்குக் கண் இருக்கிறது, கண்ணுக்கு ராடார் எதற்கு என்று கேட்டாராம். வியாழக்கிழமை அவர் அறைக் கதவில் பெயர்ப்பலகை இல்லை. நான்கு திருகாணித் துளைகள் இருந்தன. வெள்ளிக்கிழமை துளைகளும் இல்லை. பூசி வண்ணம் அடித்துவிட்டார்கள். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த அறையில் ஆள் இல்லை.

டக்அவுட்டில் மெர்ல் உட்காரும் இடத்தில் ஒரு சிறு திரையை வைத்தார்கள். கால்கள் உள்ள தாங்கியில் அது நின்றது. யாராவது பந்தைப் பலமாக அடித்தால் பச்சையாக எரியும். முதல் நாள் கிண்டலுக்கு அதற்கு எல்லோரும் காலை வணக்கம் சொன்னோம். பத்து நாள் கழித்தும் சொன்னோம். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பச்சை எரிந்தால் கைதட்ட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பிராக்ஸ்டன் டூலி என்ற இருபத்திரண்டு வயதுக்காரன்தான் ஆரம்பித்து வைத்தான். அவன் எருமை போலப் பலசாலி. பந்தை இடி மாதிரி அடிப்பான். அது நேராக யாருடைய கையுறைக்குள்ளாவது போய் உட்காரும். அவனுடைய சராசரி நூற்றுத் தொண்ணூற்றொன்று. நடந்திருக்க வேண்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு. அவுட்டாகித் திரும்பி வரும்போது தானே தட்டிக்கொள்வான்.

"பார்த்தீங்களாடா? நூத்தி ஒம்பது மைல்!"

"அவுட்டுடா மாடே," என்றான் ஒருவன்.

"அது பிடிச்சவன் பிரச்சினைடா. அவன் அங்க நின்னிருக்கக் கூடாது."

ஜூலை முதல் வாரம் பிராக்ஸ்டனைப் பெரிய அணிக்கு அழைத்துக்கொண்டார்கள். பதினொரு முறை தொடர்ந்து அவுட்டானான். அங்கே அவனைக் கொண்டாடுவதாகக் கேள்விப்பட்டோம்.

அதன் பிறகு எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

அந்த மாதம் நாங்கள் இருபத்தேழு ஆட்டங்களில் பத்தொன்பதில் தோற்றோம். மைதானத்தில் இரண்டாவது ஸ்கோர் பலகையை நிறுத்தினார்கள். பழைய பலகையைவிட அது பெரியது. முதலாவதில் நடந்த ஸ்கோர், இரண்டாவதில் நடந்திருக்க வேண்டிய ஸ்கோர். ஒருநாள் எதிரணி எங்களை ஒன்பதுக்கு ஒன்று என்று அடித்துப் போட்டது. இரண்டாவது பலகையில் நாங்கள் ஆறுக்கு ஐந்து ஜெயித்திருந்தோம். வாணவேடிக்கை விட்டார்கள். எதிரணியினர் பேருந்துக்குள் ஏறாமல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களும் முதலில் அப்படித்தான் பார்த்தார்கள். பிறகு பெரிய பலகையின் கீழேயே உட்காரப் பழகிக்கொண்டார்கள். அங்கே நிழல் இருந்தது.

சனிக்கிழமை ரசிகர் மன்றத்தின் பான்கேக் விருந்தில் ஆஷ்பி பேசினார்.

"நண்பர்களே, ஆட்டம் என்பது புள்ளிவிவரத்துக்கு ஒரு மாதிரி. மிகச் சிறிய மாதிரி. மூன்று மணி நேரம் நடப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. யார் ஜெயித்தார்கள் என்பது அதில் உள்ள ஒரு பிழை. அந்தப் பிழையை நாங்கள் குறைத்துக்கொண்டு வருகிறோம். நடப்பது எதுவும் எங்களைப் பாதிக்காத ஒரு நாள் வரும். அந்த நாள் தூரத்தில் இல்லை."

கைதட்டல் நீண்ட நேரம் இருந்தது. கடைசி வரிசையில் ஒரு விவசாயி எழுந்து, அப்படியானால் ஏன் ஆட வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி, அதையும் ஆராய்ந்து வருகிறோம் என்றார் ஆஷ்பி.

மெர்ல் சொன்னபடியே ஆர்லோ செய்தான். கையை மட்டையின் அடிமுனைக்கு இறக்கினான். கண்ணை மூடவில்லை, ஆனால் பார்ப்பதை நிறுத்தினான். மரம் வெட்டுகிறவனைப் போல வீசினான். ஜூலையில் நூறு முறை மட்டை பிடித்துப் பத்தொன்பது ஹிட் அடித்தான். அவனுடைய வாழ்க்கையிலேயே மிக மோசமான மாதம் அது. துறையின் கதவில் தினமும் ஒட்டும் எண் தாளில் இரண்டாவது பத்தி மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஜூலையில் தொடங்கிய புதிய கணக்கில் இருநூற்று நாற்பது. இருநூற்று அறுபது. இருநூற்று எழுபத்தாறு.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவன் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்திருந்தான். என்னடா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. வீசறப்ப எதிர்ல யாரும் தெரியறதில்லை இப்பல்லாம்," என்றான். "நல்லதுதானே?"

ஆகஸ்ட் முதல் வாரம் பெரிய அணியில் ஒருவனுக்கு மணிக்கட்டு உடைந்தது. ஆஷ்பி ஆர்லோவைக் கூப்பிட்டார். இருநூற்று எண்பதுக்கு மேல் இருப்பவன் மேலே போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின்போது தாள் பார்க்கப்படும்.

"ஒரே ஒரு பலமான அடி, ஆர்லோ. எங்க வேணும்னாலும் போகட்டும். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. அது உங்க வேலை இல்லை."

ஞாயிறு பகல் ஆட்டத்தில் எதிரணிக்கு லெஸ்டர் யூபாங்க் பந்து வீசினான். லெஸ்டர் வசந்தம் வரை எங்களுடன் இருந்தவன். பந்து மெதுவாக வருகிறது என்று ஆஷ்பி அவனை நீக்கினார். அந்த மெதுவான பந்தை வைத்து அவன் நான்கு வருடமாக ஆட்களை ஏமாற்றி அவுட்டாக்கியிருந்தான். அதுவும் அதிர்ஷ்டக் கணக்கில் போயிற்று. அவனைப் பக்கத்து ஊர் அணி எடுத்துக்கொண்டது. ஆட்டத்துக்கு முன் பயிற்சி வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நெட்டையன். வாய் நிறைய விதை.

"என்னடா கிழவா, விறகு வெட்டறியாமே இப்பல்லாம்?"

"மேல போகணும்னா வெட்டித்தான் ஆகணும்."

"என் பந்தை வெட்டாதடா. அது பாவம், நடந்து வரும்."

"நடந்தா? உன் பந்து வழியில உக்காந்து டீ குடிச்சிட்டுல்ல வரும்."

லெஸ்டர் தொண்டை கிழியச் சிரித்தான். விதைத் தோல் என் சட்டையில் தெறித்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நிஜமாவே கூப்பிடறாங்களாடா?"

"இன்னைக்குத் தெரியும்."

"போயிடு. என்னை அடிச்சே போயிடு. உன் காடை ஒண்ணை மூணாவது பேஸ் பக்கம் போட்டுட்டுப் போய்ட்டே இரு. உனக்கு ஹிட்டு, எனக்கு மானம்."

"காடைக்கு எண் கிடையாது லெஸ்."

"அடப்பாவிகளா," என்றான் லெஸ்டர். தோளில் தட்டிவிட்டுப் போனான்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். மூன்றுக்கு மூன்று. எங்கள் ஆள் மூன்றாவது பேஸில் நின்றான்; அவன் ஓடி வந்து சேர்ந்தால் ஜெயித்தோம். இரண்டு பேர் அவுட். ஆர்லோ மட்டை பிடிக்க வந்தான். எதிரணிக்கும் ஒரு துறை இருந்தது. அவர்களுடைய தாளில் இருந்தபடி ஆட்கள் எல்லோரும் வலது பக்கம் நகர்ந்தார்கள். மூன்றாவது பேஸ் இருக்கும் இடது பக்கம் அறுவடை முடிந்த வயலைப் போலக் கிடந்தது. அங்கே ஒரு குழந்தை பந்தை உருட்டிவிட்டாலும் ஆட்டம் எங்களுடையது.

நான் ஆர்லோவின் கைகளைப் பார்த்தேன். அவன் இடது பக்கம் பார்த்தான். பிடியில் கை மெல்ல மேலே ஏறியது. அரை நொடி அங்கே நின்றது. பிறகு டக்அவுட்டில் இருந்த திரையைப் பார்த்தான். கை அடிமுனைக்கு இறங்கியது.

லெஸ்டர் அவனுக்கு மெதுவான பந்தைப் போட்டான். தாழ்வாக, உள்பக்கமாக. காடை போட வசதியான பந்து. வேண்டுமென்றே போட்டானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆர்லோ வீசினான். அப்படி ஒரு சத்தத்தை அவன் மட்டையிலிருந்து நான் கேட்டதில்லை.

திரை பச்சையாக எரிந்தது. நூற்றுப் பன்னிரண்டு மைல், நான்கு டிகிரி, ஹிட் ஆக வாய்ப்பு ஆயிரத்துக்கு எழுநூற்று அறுபது. நாங்கள் கைதட்டினோம். நான்கைந்து முறை தட்டிய பிறகுதான் பந்து வீசுகிறவன் நிற்கும் மேட்டின் பக்கம் பார்த்தோம்.

பந்து லெஸ்டரின் முகத்தில் பட்டு மேலே எழும்பியிருந்தது. முதல் பேஸ்காரன் அதைத் தரையில் விழுமுன் பிடித்துவிட்டான். பழக்கம். நடுவர் அவுட் என்று கையை உயர்த்தினார். அதுவும் பழக்கம். பிறகு முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்.

ஆர்லோ பாதி வழியில் நின்றான். மேட்டுக்கும் போகவில்லை, முதல் பேஸுக்கும் போகவில்லை.

ஆம்புலன்ஸ் வெளி வாசலைத் தாண்டுமுன் துறையிலிருந்து அழைப்பு வந்தது. ஆர்லோவோடு நானும் போனேன். அவன் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. ஆஷ்பி எழுந்து நின்று கை கொடுத்தார்.

"இருநூத்தி எண்பத்தொண்ணு. வாழ்த்துகள். விமானம் ஆறு நாப்பதுக்கு."

"லெஸ்டர் எப்படி இருக்கான்?"

"யாரு?"

"பிட்சர் சார். முகத்துல..."

ஆஷ்பிக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது அது. திரையில் விரலை நகர்த்திப் பெயரைத் தேடினார். கண்டுபிடித்ததும் முகம் தெளிந்தது.

"யூபாங்க். இந்த வருஷம் அவர் போட்ட பந்துல நூத்துக்கு நாப்பத்தாறு பலமா அடி வாங்கியிருக்கு. ரொம்ப அதிகம்." நாற்காலியில் சாய்ந்தார். "இது நடந்திருக்க வேண்டியதுதான்."

தாளை நகர்த்தினார். ஆர்லோ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பதினோரு வருடம் காத்திருந்த தாள். பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்தான். கையெழுத்துப் போட்டான்.

ஆட்டம் சமனில் நீண்டு பதினோராவது இன்னிங்ஸில் முடிந்ததாம். யார் ஜெயித்தார்கள் என்பதில் இரண்டு பலகைகளும் ஒத்துப்போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். லெஸ்டரின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். இடது கண் இருந்த பக்கம் முழுவதும் பஞ்சு. பேச முடியாது. கையில் காகித அட்டையும் தடித்த பேனாவும் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுதினான்.

அது அவுட்தானே?

"அவுட்," என்றேன். "முதல் பேஸ்காரன் பிடிச்சிட்டான்."

பஞ்சுக்கு வெளியே இருந்த பாதி முகம் சிரித்தது. எங்கள் கதவில் ஒட்டிய தாளில் அது முக்கால் ஹிட்டாக ஏறியிருந்ததை நான் சொல்லவில்லை.

தொலைக்காட்சியில் பெரிய அணியின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் ஆர்லோவை இறக்கினார்கள். புதுச் சட்டை. தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. லெஸ்டர் என் கையைத் தட்டி ஒலியைக் கூட்டச் சொன்னான்.

மூன்றாவது பேஸ் பக்கம் காலியாக இருந்தது. ஆர்லோ அதைப் பார்க்கவில்லை. பிட்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதுக்காரன், லெஸ்டரைப் போலவே நெட்டையன்.

முதல் பந்து நேராக நடுவில் வந்தது. ஆர்லோ மட்டையை அசைக்கவில்லை.

இரண்டாவது பந்தும் நடுவில் வந்தது. வர்ணனையாளர் சிரித்தார். புது ஆள், பதற்றம் என்றார்.

லெஸ்டர் அட்டையில் அழுத்தி எழுதினான். பெரிய எழுத்து. அட்டையைத் தொலைக்காட்சிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

அடிடா.

மூன்றாவது பந்தும் நடுவில் வந்தது; இதையும் விட்டால் அவுட். மட்டை தோளிலேயே இருந்தது. அவுட். ஆர்லோ திரும்பி நடந்தான். திரையின் மூலையில் அடியின் வேகம் காட்டும் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் விழுந்தது.

லெஸ்டர் அட்டையை இறக்கவில்லை.